இன்னொருத்தி மாதிரி

சாவுக்கு வந்தவர்களுக்காக போர்சோக் மாவு உருண்டைகளை எண்ணெயில் புரட்டிக்கொண்டிருந்த சைரகுலின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள் கன்ஷாயிம் அத்தை.

"உள்ள உன் தங்கச்சி அழுறது அடுத்த ஊர் வரைக்கும் கேக்குது. நீ என்னடான்னா அடுப்பைக் கட்டிக்கிட்டு நிக்கிற. அவளை மாதிரி அப்பனை நெனச்சு ரெண்டு வரி பாடி அழத் தெரியாதா?"

சைரகுலுக்கு முகம் கொதித்தது. படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு மலஜலம் எடுத்தவள் அவள். தங்கை பெர்மெட், பிஷ்கேக் நகரத்திலிருந்து விடுமுறைக்கு மட்டும் வந்து போனவள்.

விறுவிறுவென்று கம்பளிக் கூடாரத்துக்குள் போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரைக்கு அப்பால் அப்பாவின் உடல் கிடந்தது.

"உன்னை மாதிரி அழணுமாம். உன்னை மாதிரி படி, உன்னை மாதிரி சிரின்னு அப்பா என்கிட்டப் பாடினதை இப்ப அத்தை பாடுறா."

பெர்மெட் ஒப்பாரியை நிறுத்தினாள். "உன்கிட்டயுமா?"

"என்ன, என்கிட்டயுமா?"

"போன் பண்ணாலே, 'அக்கா மாதிரி ரொட்டி சுடுவியா? அக்காவோட பொறுமையில பாதி உண்டா?'ம்பாரு. அதனாலதானே உன்கிட்டக் கேட்டு ரொட்டி சுடக் கத்துக்கிட்டேன்."

"உனக்குக் கோவம் வரல?"

"எதுக்கு? இப்படி ஒரு அக்கா இருக்காளேன்னுதான் தோணுச்சு."

சைரகுல் திரையையே பார்த்தாள். அத்தை மேலிருந்த ஆத்திரம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது.

"இதை என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வரலையா?"

கூடாரத்தில் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் அழுகை சட்டென்று நின்றது. வாசலில் அத்தை பதறினாள். "அடியே, செத்தவர் காதுல விழப்போகுது!"

"விழட்டும். இருந்தப்பத்தான் எதுவும் விழல."

ஆண்கள் வந்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கமில்லை. சரிவில் கூட்டம் ஏறும் சத்தம் தேயத் தேய, கூடாரத்தில் மீண்டும் ஒப்பாரி எழுந்தது. சைரகுல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பெர்மெட்டின் தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. அதை எடுத்து, அவள் தலையில் சுற்றி, முடிச்சை இழுத்துக் கட்டினாள்.

"அக்கா, வலிக்குது."

"வலிக்கட்டும்," என்றாள். முடிச்சைப் பிடித்த கையை எடுக்கவில்லை.