சோழர் வரைக்கும் போகாத பிளேயர்

1

வலது தோள்பட்டை வலிக்கிறது. கழுத்தில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் இறங்கி, சுண்டுவிரலில் மரத்துப்போய் நிற்கிறது. இந்தக் கதை அந்த வலியிலிருந்துதான் வந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் அம்மா திரிசூலம் குவாரியில் ஜல்லி உடைத்தவள். அப்பா அந்த ஜல்லியை லாரியில் ஏற்றியவர். அவர்கள் தோளுக்கு வந்ததன் பெயர் வலி. எனக்கு வந்தது, தீப்பெட்டி அளவுள்ள ஒரு மியூசிக் பிளேயரைப் பிரித்து வைத்து, உள்ளே இரண்டு புள்ளிகளை இடுக்கியால் தொட்டபடி அசையாமல் உட்கார்ந்திருந்ததால் வந்தது. இதை வலி என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள்.

அந்த இரண்டு புள்ளிகளைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கம்பெனி பூட்டி வைத்த ஃபர்ம்வேர் விழித்துக்கொள்ளாது. அந்த நேரத்தில் நானும் ஒரு நண்பனும் எழுதியது உள்ளே போகும்.*

* ஃபர்ம்வேர் என்பது எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று பெட்டிக்குள் எழுதி வைத்திருப்பது. கம்பெனியுடையதை யாரும் பார்க்க முடியாது. எங்களுடையது திறமூலம். யாரும் படிக்கலாம், திருத்தலாம், திட்டலாம். திட்டுகிறவர்கள் அதிகம்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"திருநீர்மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்த—" (நான் அப்போது ஜன்னலை மறைத்துப் பீரோ போட்ட அறையில் இருந்தேன்.)

"தொழில்நுட்பம் எளிய மக்களின் கையில்—" (இப்படிப் பேசுகிறவர்கள் மேடையை விட்டு இறங்கியதும் காரில் ஏறிவிடுவார்கள்.)

"என் அக்கா ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தாள்." (இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.)

3

என் அக்கா ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தாள். மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டும். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஆனால் கேமரா இல்லாத சின்ன பிளேயரைக் கோட்டுப் பையில் போட்டு, ஒற்றைக் காதில் கேட்டுக்கொள்வதை சூப்பர்வைசர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். ரவுண்டு வரும் மேனேஜர் மேடம்தான் விட மாட்டார். மற்றப் பெண்கள் பாட்டு கேட்டார்கள். அக்கா அரசாங்க வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வுக்கு வரலாற்றுப் பாடம் கேட்டாள். இலவச வகுப்பில் பதிவு செய்தது, ஒரே நீளமான ஃபைல்.

தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய அந்த பிளேயருக்கு ஒரு குணம். அணைத்துப் போட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஓட்டிப் போகலாம்தான். கையுறை போட்ட கையால், பைக்குள், பார்க்காமல் அழுத்தினால் வேறு ஃபைலுக்குத் தாவிவிடும்.

"சிந்து சமவெளிய வுட்டுத் தாண்டவே மாட்டேங்குதுடா," என்றாள். "எந்தத் தெருவுல எந்த சாக்கடைன்னு கூட சொல்வேன். சோழன் வரவே இல்ல. நீ கம்ப்யூட்டர் வேலதான செய்ற? இத்த இன்னான்னு பாரு."

நான் செய்வது ஒரு கம்பெனியில் மீட்டர் பெட்டிகளைச் சோதிக்கும் வேலை. அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஏழாவதோடு அவளை நிறுத்தி என்னைப் படிக்கவைத்தார்கள். பிறகு, கல்யாணமான பின்னால், பத்தாவதை அவளே தனியாக எழுதிப் பாஸ் செய்தாள். (இந்த வாக்கியங்களை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். நடந்ததுதான், இருக்கட்டும்.) இந்தத் தேர்வுக்கு வயது வரம்பில் அவளுக்கு இதுதான் கடைசி முறை.

4

இங்கே ஜோனத்தான் வர வேண்டும். கிழக்குத் தாம்பரம், அப்பா அம்மா இருவரும் டீச்சர்கள், என்னோடு வேலை பார்க்கிறவன். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேறு பிளேயர்களுக்கு எழுதி வைத்திருந்த ஃபர்ம்வேரை இந்த மலிவுப் பெட்டிக்குப் பொருத்தலாம் என்று கண்டுபிடித்தவன் அவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் நேராக பம்மலில் எங்கள் வீட்டுக்கு வருவான். அவன் சட்டை இஸ்திரி கலையாமல் இருக்கும். என் அறை சால்டரிங் புகையில் கிடக்கும்.

இந்தக் கதையின் முதல் படியை அவன்தான் படித்தான்.

"மச்சான், உங்க அக்காவ ஒரு இடத்துலயாவது அழ வை. ஃபீலிங்கே இல்ல."

"அவ அழலையேடா."

"கதைதானே."

கதைதான். ஆனால் அழுதாள் என்று எழுதினால், அவள் படித்துவிட்டு என் காதைத் திருகுவாள். படித்தாள், திருகியது வேறு காரணத்துக்காக.

"இன்னாடா, மொதல்லேர்ந்து என்னிய நிக்க வெச்சே எழுதிகினு கீற? கதையிலயாவது ஒக்கார வெய்யேன்."

(அக்கா இனி உட்கார்ந்திருக்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டீ.)

5

முதல் வெற்றி. நிறுத்து பொத்தானை அழுத்தினால், அந்த இடத்தைப் பெட்டி நினைவில் வைக்கும். மறுபடி போட்டால் அங்கிருந்தே பேசும். மேசை மேல் வைத்து நானும் ஜோனத்தானும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தோம். ஒரு பிசகும் இல்லை. அவன் என் முதுகில் அறைந்தான். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தாள்.

"சோழன் வந்தானாக்கா?"

"வந்தான், போயிட்டான். இப்ப இங்கிலீஷ்காரன் ஆண்டுகினு கீறான். நடுவுல யாரு ஆண்டாங்கன்னே தெரியல."

ஜோனத்தான் சிரித்துப் புரையேறிப்போனான். என்ன ஆயிற்று என்று அக்காவைச் செய்து காட்டச் சொன்னோம். பிளேயரைப் பையில் போட்டாள். "மேடம் வராங்க" என்றேன். கழுத்தருகே வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. இயர்போன் பிடுங்கிக்கொண்டு வந்தது; அவள் கை மறுபடி மாத்திரை அடுக்கப் போய்விட்டது. அந்த லைனில் எல்லோரும் அப்படித்தானாம். அந்த அவசரத்தில் நிறுத்து பொத்தானை யாரும் தொடுவதே இல்லை. பெட்டி பைக்குள் கேட்க ஆளில்லாமல் பேசிக்கொண்டே இருக்கும், அடுத்த டீக்கு வெளியே எடுத்து நிறுத்தும் வரைக்கும். பிளேயரைச் செய்த கம்பெனிக்காரனும் எங்களைப் போலவே மேசைமேல் வைத்துப் பார்த்திருப்பான்.

"பிடுங்கினா உள்ள இருக்கிற போர்டுக்குத் தெரியும் மச்சான்," என்றான் ஜோனத்தான். "நாமதான் அதுகிட்ட கேக்கல."

கேட்டோம். பிடுங்கினால் நிற்க வேண்டும், நின்ற இடத்தை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். எழுதியது கொஞ்சம் வரிகள்தான். அடுத்த வாரம் அக்கா பல்லவரில் இருந்தாள். அதற்கடுத்த வாரம் சோழரில். லைனில் இருந்த பெண்கள் தங்கள் பிளேயர்களையும் கொடுத்தனுப்பினார்கள். என் தோள் போனது அதில்தான்.

இதில் எனக்குப் பெருமை இருக்கிறது. மறைக்க மாட்டேன். அந்த மாற்றத்தைப் பொதுவில் போட்டோம், அந்தப் பல நாட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எந்த நாடு என்றே தெரியாத ஒரு ரொட்டிக் கடைக்காரர், மாவுக் கையோடு வயரைப் பிடுங்கினாலும் நிற்கிறது, நன்றி என்று எழுதினார். யாருடைய கையிழுப்புக்காக அது நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பம்மலில், நாற்காலியில், டீ குடித்துக்கொண்டிருக்கிறாள்.

6

முடிவுகள்:

(அ) அக்கா பாஸ். தாலுகா ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். (ஜோனத்தானுக்குப் பிடித்தது.)

(ஆ) பெயில். பிளேயரைச் சுவரில் எறிகிறாள். (பொய். காசு கொடுத்து வாங்கியதை அவள் எறிய மாட்டாள்.)

(இ) தேர்வு முடிந்துவிட்டது, ரிசல்ட் இன்னும் வரவில்லை. (இது நிஜம். நிஜத்தை வைத்துக் கதையை முடிக்க முடியவில்லை.)

முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

7

தேர்வுக்கு முன்பே அக்கா ஒன்று கேட்டிருந்தாள்.

"நின்ன எடத்துலேர்ந்து வேணாம்டா. கொஞ்சம் பின்னாடி போயி ஆரம்பிக்கட்டும். வயர இழுக்கறதுக்கு முன்னாடி பாடமா காதுல வுழுது? மேடம் கத்தறதுதான் வுழுது."

செய்கிறேன் என்றேன். செய்து பார்த்தேன், பின்னால் போகச் சொன்னால் பெட்டி ஹேங் ஆனது. அதற்குள் தேர்வு வந்துவிட்டது.

நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்ட அனுமதி கொடுத்த சோழன் யார் என்று ஒரு கேள்வி.

"அந்தப் பேரு வர்றப்பதான் மேடம் வந்தா," என்றாள் அக்கா. "ரெண்டு ராஜாவுல ஒருத்தன் வட்டத்த கருப்படிச்சுட்டு வந்தேன். வுடு."

அவள் விட்டுவிட்டாள். நான் அதைச் சரிசெய்ய வேண்டிய ஞாயிறுகளில் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜெயக்கொடி அக்காவுக்கு நான் இன்னும் தர வேண்டியது: இயர்போனைத் திரும்பச் செருகினால், பாடம் ஒரு வாக்கியம் பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டும்.