ஜெயவேலின் வாக்குமூலம்

மதி டி டிரைவைத் திறந்து அந்தத் தமிழ் டைப்பிங் புரோகிராமை மறுபடி தட்டினாள். அதே சாம்பல் நிறப் பெட்டி வந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் புரோகிராம் பதிவாகவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஓகே என்ற ஒரே பொத்தானோடு நின்றது. அறையை இரண்டாக்கிய தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பா ஜெயவேல் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. இழுத்த மூச்சு வெளியே வர நேரமாயிற்று. அது வந்த பிறகுதான் அவள் ஓகேயைத் தட்டினாள்.

முந்தின நாள் எர்ணாவூர்க் குடியிருப்பில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் விண்டோஸ் படுத்துவிட்டது. ஜாப் டைப்பிங் செய்கிற மதிக்கு சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடத் தெரியும். போட்டாள். டி டிரைவில் இருந்த ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் வாக்குமூலமும் அங்கேதான் இருந்தது. ஆனால் அந்தப் புரோகிராமில் திறந்தால்தான் அது தமிழாகத் தெரியும். வேறு எதில் திறந்தாலும் கட்டமும் கேள்விக்குறியுமாக வந்தது.

போன வருஷம் மணலியில் ஒரு ரசாயனக் கம்பெனியின் தொட்டிக்குள் இறங்கிய பீம்ராவ் பிணமாகத்தான் மேலே வந்தான். அவனை இழுக்கக் குனிந்தவர் ஜெயவேல். அன்று உள்ளே போன வாயு அவருடைய நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. பீம்ராவ் யாரிடமும் சொல்லாமல் தானே இறங்கினான் என்று கம்பெனி எழுதிக்கொண்டது. சூப்பர்வைசர் அவனை இறங்கச் சொன்னதைக் கேட்டவர் ஜெயவேல் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதமே மகன் அசோகனுக்கு அதே கம்பெனியில் காண்டிராக்ட் வேலை கிடைத்தது.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய அன்று, ஜெயவேல் மகளைக் கூப்பிட்டு "டைப் பண்ணு" என்றார். ஒரு வரி சொல்வார், இருமுவார். சில நாள் நாலு வரிக்கு மேல் முடியாது. அசோகன் அதோடு தங்கையிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். கடைசி வரியைச் சொல்லி முடித்த மறுநாள் ஜெயவேலுக்குக் குரல் போய்விட்டது. பீம்ராவின் மனைவி போட்ட கேஸை நடத்தும் வக்கீல் சங்கரநாராயணன் இன்று மத்தியானம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் ஜெயவேல் கையெழுத்துப் போட வேண்டும்.

பீம்ராவின் மனைவி குப்பம்மா காலையிலேயே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மதியின் அம்மா செங்கொடி ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அசோகன் சுவரில் சாய்ந்து நின்றான்.

கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்த கலீலுல்லா திருவொற்றியூரிலிருந்து வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மதியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"புரோகிராம் எங்கயும் போல மதி. டி-லயே கீது. நீ போட்ட புது விண்டோஸுக்குத்தான் அத்த தெரில. எது எங்க கீதுன்னு விண்டோஸ் குறிச்சி வைக்கிற ரிஜிஸ்ட்ரில கீற என்ட்ரி எல்லாம் அழிஞ்சிபூட்ச்சி."

"மறுபடி இன்ஸ்டால் பண்ணலாமா பாய்?"

"சீடி இல்ல. ஆனா அந்த என்ட்ரிய மட்டும் அப்பவே ஒரு ஃப்ளாப்பில எடுத்து வச்சிருந்தேன்."

ஃப்ளாப்பி கரகரவென்று சுற்றியது. ரிஜிஸ்ட்ரியில் சேர்க்கட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. கலீலுல்லா யெஸ் கொடுத்தான். புரோகிராமைத் தட்டினான். மறுபடியும் சாம்பல் நிறப் பெட்டி.

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அப்ப சி-ல போட்டிருந்தோம். அப்பறந்தான எடம் பத்தலன்னு டி-க்கு மாத்துனோம்? இதுல எல்லாம் சி-ன்னே கீது. ஒண்ணொண்ணா மாத்தணும்."

ஃப்ளாப்பியில் இருந்த ஃபைலை நோட்பேடில் திறந்தார்கள். அதில் ஒரே அடியாக மாற்ற வழியில்லை. கலீலுல்லா விரலால் காட்டக் காட்ட, மதி சி-யை அழித்து டி என்று அடித்துக்கொண்டே வந்தாள்.

"மதி, வந்து ஒருவாட்டி பாத்துட்டுப் போ" என்றாள் செங்கொடி.

மதி எழுந்து போனாள். ஜெயவேலின் கண்கள் அவள் முகத்தில் நின்றன. பேசுவதற்காக அவர் உதடுகள் கூடின. சத்தம் வரவில்லை.

"வந்துகினே கீது நைனா. இதோ ஆயிட்ச்சி" என்றாள்.

திரும்பி வந்து மிச்சத்தை மாற்றி, சேவ் செய்து, யெஸ் கொடுத்தாள். இந்த முறை புரோகிராம் திறந்தது. ஃபைலைத் திறந்தாள். கட்டங்கள் இருந்த இடத்தில் எழுத்துகள் வந்து நின்றன. கலீலுல்லா மூச்சு விட்டான். மதி பிரிண்ட் கொடுத்தாள்.

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அது ஓட ஆரம்பித்தால் அந்த வீட்டில் வேறெதுவும் கேட்காது. பக்கம் பக்கமாகத் தாள் ஏறி வந்தது. மதி ஓரத்தைக் கிழித்து அடுக்கினாள். கடைசிப் பக்கம் வந்து பிரிண்டர் நின்றது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

மதி தாள்களோடு போனாள். செங்கொடியின் கையில் ஸ்பூன் அப்படியே இருந்தது.

"குடுத்த தண்ணி வெளிய வந்துட்ச்சி" என்றாள்.

யாரும் அழவில்லை. அசோகன் அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று படியிறங்கிப் போனான். கீழே குடியிருப்போர் சங்க அறையில் இருந்த ஸ்டாம்ப் பேடோடு திரும்பி வந்தான். கதவைச் சாத்தினான். கட்டிலருகே மண்டியிட்டு, அப்பாவின் இடது கட்டைவிரலைப் பிடித்து ஊதா மையில் அழுத்தினான்.

"நீட்டு" என்றான் மதியிடம். அத்தனை நாளில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அண்ணா..."

"இன்னும் சூடு கீது. வக்கீல் வர்றதுக்குள்ள வச்சிட்டா முடிஞ்சிது. யாருக்குத் தெரியப்போவுது?"

"உன் வேல?"

"அத்தப் பத்தி இப்பப் பேசாத. நீட்டு."

கலீலுல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மதி முதல் தாளைக் கட்டிலின் மேல் வைத்தாள். அசோகன் விரலைத் தாளருகே கொண்டுவந்தபோது குப்பம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் அசோகா."

"உனக்காகத்தான் அத்த."

"எனக்காகத்தான்னு தெரியுதுப்பா. ஆனா அண்ணன் கையெழுத்துப் போடுற மனுசன். சம்பளம் வாங்கச்சொல்லோகூட ஒருநாளும் கைநாட்டு வச்சதில்ல. அது கம்பெனிக்காரனுக்குத் தெரியும். செத்தவன் கையப் புடிச்சி வச்சிட்டாங்கன்னுவான். அப்பறம் அவுரு சொன்னதெல்லாம் பொய்யாப்பூடும்."

"கையெழுத்து இல்லன்னா கேஸு நிக்காது அத்த."

"நிக்கலன்னா போவுது."

அசோகன் பிடியை விட்டான். அப்பாவின் கை போர்வை மேல் சரிந்தது. அவன் ஸ்டாம்ப் பேடை மூடினான். மூடியைத் திறந்தான். மறுபடி மூடினான்.

குப்பம்மா மதியைப் பார்த்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. அன்னிக்கு உள்ள இன்னா நடந்திச்சின்னு எங்கிட்ட ஒருத்தனும் சொல்லல. ஒருவாட்டி படிச்சிக் காட்டு. சனம் வந்துட்டா முடியாது."

மதி அம்மாவைப் பார்த்தாள். செங்கொடி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

மதி தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்தை எடுத்தாள்.

"என் பெயர் ஜெயவேல். பீம்ராவ் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவன். அன்று காலை தொட்டியில் இறங்க அவனுக்கு இஷ்டமில்லை. மாஸ்க் கொடுங்கள் என்று மூன்று தடவை கேட்டான்..."

குப்பம்மா அலமாரியிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தாள். புடவைத் தலைப்பின் நுனியில் கொஞ்சம் ஊற்றி, ஜெயவேலின் கட்டைவிரலைத் துடைக்க ஆரம்பித்தாள். மதி அடுத்த பக்கத்துக்குப் போனாள். துணி ஊதாவாகிக்கொண்டே வந்தது. விரலில் மை போய்விட்டது. நகத்தின் ஓரத்தில் இருந்தது மட்டும் போகவில்லை. குப்பம்மா தலைப்பின் வேறொரு நுனியை எடுத்து, அந்த இடத்தையே மெதுவாகத் தேய்த்துக்கொண்டு மதி படிப்பதைக் கேட்டாள்.