சிவப்புக் கோடு போட்ட தட்டு

விஜயலெட்சுமி என் புருஷனின் அக்கா. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. நாங்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுப்போவோம். என் மகள் லக்ஷனாவின் தட்டில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டு, அவளை வாசலோரமாகத் தனியே உட்காரவைத்தவளும் அவள்தான்.

காரணம் வயிற்றுப்பூச்சி. மருந்து கொடுத்தால் போகும், கொஞ்ச நாளில் மறுபடி வந்துவிடும். பிள்ளையின் முகம் வெளுத்து வயிறு முன்னே தள்ளி நிற்கும். "தாய்க்காரி சுத்தமில்ல. கை கழுவாம சோறு பெசைஞ்சா பூச்சி வராம என்ன செய்யும்?" என்று பகல் சாப்பாட்டு நேரத்தில் அத்தனை பெண்களுக்கும் முன்னால் சொன்னாள். மாரியம்மன் திருவிழாவில் நான் பொங்கலைக் கிண்டப் போனபோது கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். என் புருஷன் தினேஸ் வாயில் கொழுக்கட்டையை வைத்திருப்பவன் மாதிரி நின்றான்.

நான் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டினேன். செருப்பு வாங்கிப் போட்டேன். பூச்சி வந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என்றைக்காவது ஒருநாள் இவளை இதே வாசலில் உட்காரவைக்கிறேனா இல்லையா பார் என்று கறுவிக்கொண்டேன்.

அப்புறம்தான் டாக்டர் றுஷ்தா வந்தார். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களில் பூச்சி நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். சின்ன டப்பா கொடுத்து எல்லோரிடமும் மலம் வாங்கினார்கள், ரத்தமும் எடுத்தார்கள். சில மாதம் கழித்து, கண்டதைச் சொல்ல பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டார்.

"உங்க லயத்து வீடுங்க எல்லாத்துக்கும் ஒரே பைப்புத் தண்ணி, ஒரே கக்கூஸ். ஆனா சில வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் பூச்சி நிறைய இருக்கு. கை கழுவுறது எல்லாருக்கும் வேணும். ஆனா அது மட்டுமே காரணம் இல்ல. சில குடும்பங்கள்ல பூச்சிய எதிர்க்குற சக்தி பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. அது பரம்பரையா வரும்" என்றார்.

விஜயலெட்சுமி முந்திக்கொண்டாள். "அப்ப அது அவ தாய்வழியில வந்ததுங்க, டாக்டர்."

நான் எழுந்தேன். "டாக்டரம்மா, நான் என் தாய்மாமன் மகனத்தான் கட்டியிருக்கேன். மதினியோட அப்பாவும் என் அம்மாவும் கூடப்பொறந்தவங்க. இப்ப இது எந்தப் பக்கத்து ரத்தமுங்க?"

"அப்போ ரெண்டு பக்கமும் ஒரே குடும்பம்தானே? பிள்ளைக்கு ரெண்டு வழியாவும் வந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று முறைக்குள்ளேயே கட்டிவைப்பார்கள் எங்கள் ஆட்கள். குற்றம் சொல்லும்போது மட்டும் மருமகள் அசலாள் ஆகிவிடுவாள். "எனக்கெல்லாம் ஒரு பூச்சியும் இல்ல" என்று விஜயலெட்சுமி முறைத்தாள். அவரவர் பரிசோதனை முடிவை அவரவரிடம் தனியாகத்தான் சொன்னார்கள்.

ரெண்டு நாளில் அவள் என் வீட்டுக் குசினிப் பக்கமாக வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"சக்தி, ஒன் பேருல மாத்திரை வாங்கிட்டு வர்றியா? எப்பவும் வாங்குறவதானே நீ. டிஸ்பென்சரியில யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"யாருக்கு மதினி?"

"எனக்குத்தான். நெறைய இருக்காம்."

எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு மன்னிப்பு வரவில்லை. தன் மானத்தைக் காக்க, அவள் நாறடித்த என் பேரே அவளுக்கு வேண்டியிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வாங்கித் தர்றேன். ஆனா பூச்சி இருக்குறவங்க வாசல்ல உக்காந்து, கோடு போட்ட தட்டுலதான் சாப்புடணும். நீங்க போட்ட சட்டந்தானே? நாளைக்குப் பகல் வருவேன். நீங்க உக்காரலன்னா, ஏன் உக்காரணும்னு நானே எல்லாருக்கும் சொல்லுவேன்."

"அடிப்பாவி, நான் ஒன் மாமன் மகடி!"

"இப்பத்தான் ஞாபகம் வருதா?"

மறுநாள் மாத்திரையை வாங்கி மடியில் முடிந்துகொண்டேன். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். விஜயலெட்சுமி வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சிவப்புக் கோடு போட்ட தட்டு, அதில் சோறும் பருப்பும். "என்னாக்கா, இங்க உக்காந்துட்டீங்க?" என்று என்னோடு கொழுந்து பறிக்கும் இராக்கம்மா கேட்டாள். இராக்கம்மா தட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள். மற்றப் பெண்களும் குசுகுசுத்தார்கள். பார்க்க எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

லக்ஷனாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பாயின் நடுவில், மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைத்தேன். முன்னால் ஒரு புதுத் தட்டை வைத்தேன். இவ்வளவு போதும், மாத்திரையைக் கொடுத்து மதினியை எழுந்திருக்கச் சொல்லிவிடலாம் என்று முடிச்சை அவிழ்த்தேன்.

அதற்குள் என் மகள் எழுந்துவிட்டாள். அந்த இடம் அவளுக்குப் பழக்கமில்லை. நேராக வாசலுக்கு நடந்து அத்தை முன்னால் போய் நின்றாள்.

"அத்தே, இது என் எடம். அது என் தட்டு."

விஜயலெட்சுமியின் கைச்சோறு கையிலேயே நின்றது. கண் கலங்கத் தட்டைப் பிள்ளையின் பக்கம் நகர்த்தப் போனாள். நான் மாத்திரையை மறுபடி மடியில் முடிந்துகொண்டேன்.

"குடுக்காதீங்க மதினி" என்றேன். "ஒரு பருக்கை மிச்சமில்லாம சாப்புடுங்க. நான் நிக்கிறேன்."