விளையவிட்ட பென்சன்

ஞாயிறு பூசை முடிந்ததும் தேத்தண்ணிக் கோப்பையோடு கோயில் மண்டபத்தின் நடுவில் நிற்பது பெனடிக்ற்றின் வழக்கம். லண்டனின் அந்த இல்ஃபோர்ட் கத்தோலிக்கப் பங்கில் யாருக்கு அரச பென்சன் எடுக்கும் அறுபத்தாறு வயது வந்தாலும் அவரிடம் அகப்படாமல் வீடு போக முடியாது.

“பென்சனை உடன எடுக்காதேங்கோ. விட்டால் வருசத்துக்கு வருசம் கூடும். பலாக்காயைப் பிஞ்சில வெட்டினால் பழம் கிடைக்குமே?”

தன்னுடையதையும் அவர் எடுக்கவில்லை. மனைவி மரியநாயகியையும் எடுக்கவிடவில்லை. அவளோ விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“என்ர முழங்கால் விளைஞ்சு பழுத்திட்டுதப்பா. பென்சனை எடுத்துக்கொண்டு வேலையை விடட்டே?”

“இன்னும் ரெண்டு வருசம் பொறும்!”

அவர் பேச்சைக் கேட்டுப் பொறுத்திருந்தவர்களில் கஸ்பரும் ஒருவர். பென்சனில் ஒரு சதமும் காணாமல் மனுசன் திடீரென்று கண்ணை மூடிவிட்டார். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், கஸ்பரின் மனைவி கிளறிற்றா பெனடிக்ற்றின் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணை, அவற்ற பென்சன் நல்லா விளைஞ்சிட்டுது. தின்னத்தான் ஆளில்லை.”

“உங்களுக்கு வருமெல்லே?”

“விசாரிச்சனான். எங்கட விசயத்தில கடைசி மூண்டு மாசக் காசு மட்டும்தான் தருவினமாம்.”

பெனடிக்ற் கடித்த கட்லற்றைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். வீடு திரும்பும் பஸ்ஸில் மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

“நாளைக்கே உம்மட பென்சனுக்கு அப்ளை பண்ணும்.”

“நான் தை மாசத்தில இருந்து எடுக்கிறன்.”

“என்னட்டைச் சொல்லாமலோ?”

“சொன்னால் விட்டிருப்பீங்களோ?”

“அப்ப விடிய ஷிப்டுக்குப் போறது?”

“அதை எப்பவோ விட்டாச்சு. நீச்சல் குளத்துக்குப் போறன். முழங்காலுக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவர். நீங்கள் குறட்டையை நிப்பாட்டி எழும்பினால்தானே தெரியும்!”

பெனடிக்ற் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். பஸ் தரிப்பு வந்ததும் வழக்கம்போல் அவளை இறக்கக் கை கொடுக்க எழுந்தார். அவர் கை நீளுமுன்னே மரியநாயகி ஒன்றையும் பிடிக்காமல் இறங்கி, நடைபாதையில் அவருக்காகக் காத்து நின்றாள். அவர் கோபம் வெட்கமாகிச் சிரிப்பாய் வெளிவந்தது. அந்தக் கிழமையே தன் பென்சனுக்கும் விண்ணப்பித்தார்.

அடுத்த ஞாயிறு ஒருவர் அவரைத் தேடி வந்தார். “அண்ணை, பென்சனை எடுக்கவோ, விடவோ?”

“என்னட்டைக் கேளாதேங்கோ. விடுறது சிலபேருக்கு லாபம்தான். ஆனால் உடம்பையும் கையிருப்பையும் பாருங்கோ. விசயம் தெரிஞ்ச இடத்தில விசாரியுங்கோ. முக்கியமா, புருசனும் மனிசியும் பக்கத்தில இருந்து கதைச்சு முடிவெடுங்கோ. விட்டுவச்சால் காசு வளரும், ஆயுள் வளராது!”