ஊசிக்கும் கரண்டிக்கும் நடுவே

...இன்னும் பதின்மூன்று நிமிடம், அதுவரை என் ஒன்பது வயது மகள் நிஹால் கரண்டியைத் தொடக்கூடாது, இன்சுலின் ஊசி போட்டது நான்தான், அவள் வயிற்று மடிப்பில், அவள் கண்ணை மூடவில்லை, நான்தான் மூடிக்கொண்டேன், "அப்பா, கண்ணத் தொறந்துக்கிட்டு குத்து, நாற்காலிக்கு போட்டுடப்போற" என்றாள்... மேசை நடுவில் வெள்ளிக்கிழமைக் குஸ்குஸ் ஆவி பறக்கிறது, அவித்த கோதுமை ரவை, கொண்டைக்கடலை, பூசணி, மேலே ஆட்டுக்கறி, அந்தக் கறியைத்தான் நேராகப் பார்க்க முடியவில்லை. அந்த ஆடு இல்லை இது, தெரியும். அதைப் பக்ரீத்துக்கு முன்னால் ஐந்து நாள் எங்கள் நாலாம் மாடி பால்கனியில் கட்டியிருந்தோம், அறுத்தபின் உப்புத் தடவிய தோல் அங்கேயே காய்ந்தது, முஸ்தகானம் நகரத்துக்கே கோமாளி நான், சும்மா இருப்பேனா, அதைப் போர்த்திக்கொண்டு தவழ்ந்துபோய் அவள் கட்டிலருகில் கத்தினேன்... வீடு அதிர அலறினாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்தாள்தானே? மூன்று வாரத்தில் குழாயை விட்டு நகராமல் தண்ணீர் குடித்தாள், எலும்பும் தோலுமானாள், ஒரு காலையில் எழுப்பினால் எழவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"பயந்ததுலதான்டா சர்க்கரை வந்துச்சு, ஊருக்கே தெரியும்," என்கிறாள் எதிரே என் அக்கா யமீனா, பத்தாவது தடவை. "ஈயத்த உருக்கி, பிள்ளை தலைக்கு மேல தண்ணிக் கிண்ணத்துல ஊத்துனா பயம் எறங்கிடும். கெழட்டுக் கெடா, ஒனக்குத்தான் மொதல்ல ஊத்தணும்." என் மனைவி ஹஸீனா கடலையைக் கிளறியபடி, "தலையில எதுக்கு அண்ணி, வாயிலயே ஊத்துங்க" என்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான், ஆனால் நேற்று டாக்டரம்மாவிடம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு ஆட்டுத்தோல் வரைக்கும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு மீனை வரைந்தார், இதுதான் கணையம், அதற்குள் புள்ளி புள்ளியாய்த் தீவுகள், "கண்ணுக்கே தெரியாது, லட்சக்கணக்குல இருக்கும், இன்சுலின் அங்கதான் ஊறுது. கிருமியக் கொல்ல வேண்டிய நம்ம உடம்போட காவல்காரங்க ஆள் தெரியாம இதுங்கள அழிச்சுட்டாங்க." எப்போதிலிருந்து? "மாசக்கணக்கா, வருஷக்கணக்காவும் இருக்கலாம். முக்கால்வாசி அழிஞ்சப்புறம்தான் வெளிய தெரியும். உங்க கூத்துக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்." ஏன் ஆள் தெரியாமல் போயிற்று? "பிறவியில ஒரு வாகு, எங்கயோ ஒரு கிருமி... முழுசா யாருக்கும் தெரியாது."

விடுதலையானவன் துள்ளியிருக்க வேண்டாமா, நான் எதையோ பறிகொடுத்தவன்போல் படியிறங்கினேன்... என் தப்பென்றால் இனி செய்யாமலிருப்பேன், யார் தப்பும் இல்லையென்றால் எதைச் செய்யாமலிருப்பது? அந்தத் தீவுகள்... அவள் முதல் பால் குடித்த நாளிலிருந்து ஒரு துளி கூடாமல் குறையாமல் அளந்து ஊற்றியவை, நானோ பேனா ஊசியின் அளவு எண்ணை மூன்று முறை திருப்பி, ஹஸீனாவிடம் காட்டி, கண்ணாடி போட்டு மறுபடி பார்த்து...

"அப்பா, ஒனக்குள்ள அந்தத் தீவெல்லாம் இப்ப வேலை செய்யுதா?"

"செய்யும்மா. குஸ்குஸ் வாசனைக்கே ஆரம்பிச்சிருக்கும்."

"எப்படித் தெரியுது?"

வயிற்றைத் தடவிப் பார்க்கிறேன், ஒன்றுமே தெரியவில்லை, நிஹால் எழுந்துவந்து என் தொப்பையில் காதை வைக்கிறாள், யமீனா அக்காகூடக் குனிந்து காது கொடுக்கிறாள், வீடே கேட்கிறது... "சத்தமே இல்லப்பா," என்கிறாள் ஆச்சரியமாக. நாற்பத்தாறு வருடமாக எனக்குள் இப்படி ஓசையில்லாமல்... அப்படியானால் அவளுடையதும் ஓசையில்லாமல்தானே ஒவ்வொன்றாய் அணைந்திருக்கும், இந்த மேசையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வெள்ளிக்கிழமையில்...