சில்வண்டுகளின் மேல் ஒரு புகார்

ரவிசந்திரன் ஆகுர்டியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் இயந்திரங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாஷாண் பகுதியில் குன்றை ஒட்டிய குடியிருப்பில் வீடு வாங்கி, மனைவி கனகவல்லியோடு மே மாதம் குடிவந்தார். சரிவிலும் வளாகத்திலும் இருந்த மரங்களில் சில்வண்டுகள் பகலெல்லாம் இரைந்தன. அவருக்கோ படுத்த பிறகும் அந்த இரைச்சல் ஓயவில்லை.

குடியிருப்போர் சொசைட்டி கூட்டத்தில், மரங்களுக்கு மருந்தடிக்க வேண்டும் என்றார். தரைத்தளத்தில் இருக்கும் ரீனா மட்டும் எதிர்த்தாள். கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை.

“அங்கிள், அதுங்க வருஷக்கணக்கா மண்ணுக்குள்ள வேர்ச்சாறு குடிச்சு வளருது. மேல வந்து கத்துறது சில வாரம்தான். மழை பிடிச்சா அடங்கிடும்.”

“தூங்காம கிடக்கிறது நீ இல்லையேம்மா.”

மற்றவர்கள் அவர் பக்கம் கைதூக்கினார்கள்.

மருந்தடித்த மறுநாள் நடைபாதையெங்கும் சில்வண்டுகள் மல்லாந்து கிடந்தன. சில இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன. தோலுரித்து முழுதாக வெளியே வருமுன்பே செத்து, பட்டையில் ஒட்டியிருந்தவையும் உண்டு. ரீனா அவற்றைப் பெருக்கி அள்ளுவதை ரவிசந்திரன் பால்கனியிலிருந்து பார்த்தார்.

“அப்பாடா, என்ன அமைதி” என்றாள் கனகவல்லி.

“எங்க அமைதி? இன்னும் கத்துதே.”

“ஒண்ணுமே கேக்கலையேங்க.”

ஜன்னலைச் சாத்தினார். காதைப் பொத்தினார். பொத்தியதும் சத்தம் இன்னும் துலக்கமாகக் கேட்டது.

காது டாக்டர் சோதித்துவிட்டு, இத்தனை வருஷ இயந்திரச் சத்தத்தில் நரம்பு கெட்டிருக்கிறது, இரைச்சல் காதுக்குள்ளேயே எழுகிறது என்றார். பழைய வீட்டில் சாலைச் சத்தம் அதை மூடியிருக்க வேண்டும். திரும்பும் வழியில் கனகவல்லி அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வாசலில் சொசைட்டி செயலாளர், “ஆத்தா ஜோப் சாங்க்லி யேத்தே னா, காகா?” என்று, இப்போது தூக்கம் நன்றாக வருகிறதா என மராத்தியில் விசாரித்தார். “ஹோ, சாங்க்லி” என்று சொல்லிவிட்டார் ரவிசந்திரன். கனகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை ரீனாவின் கதவைத் தட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

“எங்கிட்ட சொல்லி என்ன அங்கிள்? வருஷா வருஷம் அடிக்கணும்னு பேசிட்டு இருக்காங்க. கூட்டத்துல சொல்லுங்க.”

அடுத்த கூட்டத்தில் எழுந்து, தன் காதுதான் காரணம் என்று சொன்னார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. செயலாளர் சற்றுத் தயங்கி, மருந்தடிப்பதைக் கைவிடலாம் என்றார். மற்றவர்கள் தேநீருக்கு எழுந்தபோது, ரவிசந்திரன் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறிப் போய்விட்டார்.