ஐலியின் குதிரை தரையிறங்கிய விதம்

கோர்பிலா கிராமத்து ஐலி லெஹ்தோ, 1971 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தன் இளம் பெண்குதிரையின் மேல் உட்கார்ந்தபடி காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதேகால் வரை அந்தரத்தில் நின்றாள். குதிரையின் குளம்புகளுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அன்று வடக்குக் காற்று. உருளைக்கிழங்கு நடவு பாதி வீடுகளில் முடிந்திருக்கவில்லை. அவள் குதித்து இறங்கியிருக்கலாம்தான். ஆனால் குதிரையை அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்குகிறவர்களை எங்கள் பக்கம் யாரும் மனிதராக மதிப்பதில்லை.

ஹில்லா என்ற அந்தக் குதிரை முதலில் பக்கத்துப் பண்ணை ரவுனோவுடையது. எங்கள் ஊருக்குத் தொங்கோட்டப் பந்தயம் என்றால் உயிர். வண்டியில் பூட்டிய குதிரை தொங்கோட்டத்திலேயே, அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவான ஓட்டத்திலேயே, ஓட வேண்டும். பாய்ச்சலுக்கு மாறினால் பந்தயத்தை விட்டு வெளியே. ஹில்லா எல்லாப் பந்தயத்திலும் பாய்ந்தது. கசாப்புக்காரனின் லாரிக்காகக் கட்டி வைத்திருந்தபோது ஐலி வேலியோரம் வந்து நின்றாள். "வேணுமா?" என்றான் ரவுனோ. "வேணும்" என்றாள். அதற்கப்புறம் இரண்டு வருடம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. சண்டையெல்லாம் கிடையாது, பேச ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பாயப் பிறந்தது பாய்ந்துவிட்டுப் போகட்டும் என்று ஐலி முடிவு செய்தாள். நீளக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து நடுவில் நின்றுகொண்டு, ஒரு குளிர்காலம் முழுக்க அதைச் சுற்றிவரச் செய்தாள். ஒரு சொல்லுக்கு எழும்பும், மறு சொல்லுக்கு இறங்கும். பிறகு சேணம் போட்டு ஏறினாள். தவறு அங்கேதான் நடந்தது. ஆள் ஏறிய புதிதில், சொல் சொல்ல இன்னொருவர் தரையில் நிற்க வேண்டும். ஐலிக்கு அந்த இன்னொருவர் இல்லை. புருஷன் போய் ஒன்பது வருடம், பிள்ளை கிடையாது. குதிரை அவள் சொல்லுக்கு எழும்பியது. நான்கு காலும் தரையை விட்ட கணத்தில், இறங்கு என்ற சொல் தரையிலிருந்து வருமென்று காத்திருந்தது. அவள் மேலிருந்து கத்தியதை அது சட்டை செய்யவில்லை.

ஒன்பதேகாலுக்குப் பால் லாரிக்காரன் வந்து "காலை வணக்கம்" என்றதும்தான் இறங்கியது. விஷயம் புரிந்துபோனதால், ஐலி அன்றிலிருந்து பால் லாரி வருகிற நேரம் பார்த்துப் பாய்ந்தாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாய்ச்சல், ஒரு எட்டு.

ஜூலையில் பால் லாரியை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிவிட்டார்கள். ஐலிக்கு யாரும் சொல்லவில்லை. லாரி வராத முதல் நாள் அந்தரத்தில் நின்றவளைப் பதினோரு பேர் பார்த்தார்கள். எல்லாரும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். அந்தரத்தில் நிற்பவளிடம் ஏன் என்று கேட்பது எங்கள் ஊரில் அநாகரிகம். தலையசைப்புக்குச் சத்தம் கிடையாதே. சாயங்காலம் ஐலிக்கு அழுகை வந்துவிட்டது. இந்த உலகத்தில் ஒரு வார்த்தைக்கு ஆளில்லாமல் போனோமே என்று வாய்விட்டே அழுதாள். புருஷன் செத்த அன்றுகூட அவள் யாரையும் கூப்பிட்டதில்லை.

காயப்போட்ட புல்லைக் கிளறிக்கொண்டிருந்த ரவுனோ வேலிக்கு வந்தான். வந்து, வழக்கம்போல, சும்மா நின்றான்.

"ரவுனோ, ஏதாச்சும் பேசேன்" என்றாள் ஐலி. அதைக் கேட்க அவளுக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

"என்னத்தப் பேச?"

குதிரை இறங்கியது; இறங்கிய வேகத்தில் அடுத்த எட்டுக்கு எழும்பி மறுபடி நின்றது.

"நிறுத்தாத! பேசிக்கிட்டே இரு!"

"நான் பேசுற ஆளா? ஒனக்குத்தான் தெரியுமே... அட, இது எறங்குதே! பந்தயத்துல என் மானத்த வாங்கின கழுத..."

அன்று அரைச் சுற்று பாய்ந்தார்கள். மறுநாள் கூப்பிடாமலே வந்தான். ஒரு சுற்றுக்கு நாற்பது எட்டு, எட்டுக்கு ஒரு பேச்சு. ஊர் வானிலைப் பேச்சு நான்கு நாளில் தீர்ந்தது. பிறகு சொந்தக் கதையைத் தொடங்கினான்.

செப்டம்பரில் ஒருநாள் பேச்சின் நடுவே அவனுக்குத் தும்மல் வந்தது. தும்மிவிட்டு அவன் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள், ஹில்லா ஆறு எட்டு தானாகவே எழும்பித் தானாகவே இறங்கியது. ஐலிக்கு அது இடுப்பிலேயே தெரிந்தது. நாற்பது வருடம் குதிரையோடு கிடந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

அவன் கைக்குட்டையை மடித்து வைத்தான்.

"எதுல விட்டேன்?"

"ஒங்க அண்ணன் சுவீடன் போனதுல" என்றாள் ஐலி, குதிரையை அடுத்த சுற்றுக்குத் திருப்பியபடி.